சிறுவிடைக் குஞ்சில் சேவல் எது, பெட்டை எது: பதினாறு வார நோட்டு

போன ஆவணியில் பக்கத்துத் தெரு அக்காவுக்கு ஒரு மாதக் குஞ்சு ஆறு கொடுத்தேன். “முட்டைக்குத்தான் வளர்க்கப் போறேன் தம்பி, பெட்டையாப் பார்த்துக் குடு” என்று சொல்லித்தான் வாங்கினார். கொண்டை சின்னதாகத் தெரிந்த ஆறைப் பிடித்துக் கொடுத்தேன். கார்த்திகையில் ஒரு காலை வாசலில் வந்து நின்றார். “ஆறுல நாலு கூவுது தம்பி.”

சண்டைக்கு வரவில்லை. இது எப்படி என்று விவரம் கேட்கத்தான் வந்தார். அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. நாலு சேவலையும் வாங்கிக்கொண்டு நாலு விடைக்கோழியைக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த முறை அடை வைக்கும்போது ஒவ்வொரு குஞ்சுக்கும் நம்பர் போட்டு, ஊரில் சொல்லும் அடையாளம் ஒவ்வொன்றையும் பார்த்து எழுதி, கடைசியில் எது நிஜம் எது பொய் என்று கணக்குப் பார்த்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த நோட்டில் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது சிறுவிடை. மேலூர்ப் பக்கம் வீட்டுக்கு நாலு என்று திரியும் அதே சின்ன உடம்புக் கோழி. வலை அடைப்புக்குள் ஒரே சேவல், ஏழு பெட்டை. பெரிய உடம்புக் கோழியான பெருவிடைபோல ஒரே வாட்டத்துக்குப் பொறுக்கி வளர்த்த கோழி இல்லை இது. கறுப்பு, கீரி, வெள்ளை, புள்ளி என்று எல்லா நிறமும் ஒரே அடையில் வரும். பார்க்க அழகு. குஞ்சில் சேவல், பெட்டை என்று பால் பிரிக்க உட்கார்ந்தால் அதுவே தலைவலி.

தையில் இரண்டு கோழிகள் ஒரே வாரத்தில் அடைக்கு உட்கார்ந்தன. இரண்டு கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, அப்பத்தா சொன்னபடி கரித்துண்டு, இரும்பாணி, காய்ந்த மிளகாய் எல்லாம் வைத்தேன். பதினெட்டு முட்டை. “கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை” என்பது அப்பத்தாவின் கணக்கு. அதையும் சோதித்துவிடலாம் என்று கூர் முட்டை ஒன்பதைக் கறுப்புக் கோழிக்கும் உருண்டை ஒன்பதைக் கீரிக் கோழிக்கும் வைத்தேன். ஒரே கூடையில் கலந்து வைத்தால் எந்தக் குஞ்சு எந்த முட்டையிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு முட்டையில் கருவே கூடவில்லை, எடுத்துவிட்டேன். இன்னொன்றில் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே இறந்துவிட்டது. இருபத்தொன்றாம் நாள் கூரில் எட்டு, உருண்டையில் ஏழு, ஆகப் பதினைந்து குஞ்சு கையில் இருந்தது.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வாரம் பருந்து ஒன்றைத் தூக்கியது போக, கூர் முட்டைக் குஞ்சு ஏழில் சேவல் மூன்று, பெட்டை நாலு. உருண்டை ஏழில் சேவல் ஐந்து, பெட்டை இரண்டு. அப்பத்தா சொன்னதற்கு நேர் எதிர். அதற்காக உருண்டைதான் சேவல் என்று யாரும் மாற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டாம். பதினான்கு குஞ்சில் இந்த அளவு ஏற்ற இறக்கம் தானாகவே வரும். முட்டையின் வடிவத்துக்கும் பாலுக்கும் தொடர்பு இருக்கவே வழியில்லை என்பதற்குக் காரணம் வேறு. நம்மைப்போல ஆண் பக்கம் பாலைத் தீர்மானிக்கும் கதை கோழியில் கிடையாது. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. சேவலின் விந்து எல்லாவற்றிலும் இசட்தான். ஆகப் பெட்டை எதைக் கொடுக்கிறதோ அதுதான் குஞ்சின் பால். அதுவும் மஞ்சள் கரு முட்டைப்பையிலிருந்து கழன்று விழுவதற்குச் சற்று முன்பே முடிவாகிவிடுகிறது. வெள்ளைக் கரு சேர்ந்து, தோல் போர்த்தி, ஓடு கட்டி வடிவம் வருவதெல்லாம் அதற்கு அப்புறம். முதலில் தீர்ந்த விஷயத்தைப் பின்னால் வந்த ஓடு மாற்றாது. இன்குபேட்டரில் சூட்டைக் கூட்டினால் சேவல் வரும், குறைத்தால் பெட்டை வரும் என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். சூடு பாலைத் தீர்மானிப்பது முதலையிலும் பல ஆமைகளிலும் உண்டு, கோழியில் கிடையாது. சூட்டை மாற்றினால் குஞ்சுதான் சாகும்.

முதல் நாள்

பொரித்த அன்று மாலைக்குள் செய்தாக வேண்டிய வேலை நிறைய. காலில் கலர் கம்பளி நூல் கட்டி ஒன்றிலிருந்து பதினைந்து வரை அடையாளம் வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து மூன்று சோதனை.

நூலில் ஊசியைக் கட்டிக் குஞ்சின் தலைக்கு மேல் தொங்கவிட்டால் வட்டம் சுற்றினால் பெட்டை, நேராக ஆடினால் சேவல் என்பார்கள். அது ஒன்று. அடுத்தது, கழுத்துப் பிடரியில் மெதுவாகப் பிடித்துத் தூக்கினால் சேவல் காலைத் தொங்கவிடும், பெட்டை மடக்கிக்கொள்ளும் என்பது. மூன்றாவது இறக்கை.

ஊசியில் பதினான்குக்கு ஆறு சரி. கால் மடக்குவதில் எட்டு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஏறக்குறைய இதே வரும். காலை மடக்குவது பாலைப் பொறுத்ததாகவே எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் தூங்கி எழுந்த குஞ்சு தொங்கவிட்டது, பயந்த குஞ்சு மடக்கியது. ஒரே குஞ்சை அரை மணி கழித்து மறுபடி தூக்கினால் மாற்றிச் செய்தது.

இறக்கைச் சோதனை அப்படித் தள்ளக்கூடியது இல்லை. குஞ்சின் இறக்கையை விரல் நுனியில் விசிறிபோல் விரித்தால் இரண்டு வரிசையாகக் குருத்து தெரியும். கீழ் வரிசை பறக்கும் இறகுக்கு, மேல் வரிசை அதை மூடும் இறகுக்கு. கீழ் வரிசை மேல் வரிசையைத் தாண்டி நீளமாக இருந்தால் அது வேகமாக முளைக்கிற ரகம். இரண்டும் ஒரே நீளமாக இருந்தாலோ கீழ் வரிசை குட்டையாக இருந்தாலோ மெதுவாக முளைக்கிற ரகம். வேகம் என்றால் பெட்டை, மெது என்றால் சேவல். இதைப் பெரிய பண்ணைகளில் தினமும் செய்கிறார்கள். இரண்டு மூன்று நாளுக்குள் பார்த்துவிட வேண்டும், விட்டால் எல்லாம் வளர்ந்து வித்தியாசம் மறைந்துவிடும்.

என் நோட்டில் வேகம் ஒன்பது, மெது ஐந்து. பின்னால் பார்த்தால் வேகமான ஒன்பதில் ஐந்து சேவல். மெதுவான ஐந்தில் இரண்டு பெட்டை. மொத்தம் பதினான்குக்கு ஏழு சரி, அதாவது நாணயம் சுண்டிய கணக்கு. பண்ணையில் பலிப்பது என் கொல்லையில் பலிக்காமல் போனது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

குஞ்சின் ஆசனவாயைப் பிதுக்கிப் பார்க்கும் முறையை நான் தொடவில்லை. 1920களில் ஜப்பானில் கியோஷி மசுயியும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கிய முறை அது. 1927இல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த உலகக் கோழி மாநாட்டுக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. பழகிய ஆள் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் குஞ்சு வரை பிரித்துவிடுவார். உள்ளே தெரிவது குண்டூசித் தலை அளவு மேடு, அதுவும் சேவலுக்குச் சேவல் மாறும், சில பெட்டைக்கும் இருக்கும். ஆயிரக்கணக்கான குஞ்சில் கை பழகிய பிறகுதான் கண்ணுக்குப் பிடிபடும். பழகாத கையில் அழுத்தம் கொஞ்சம் கூடினால் வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு உடைந்து குஞ்சு போய்விடும். பதினைந்து குஞ்சு வைத்திருப்பவர் பழகிப் பார்ப்பதற்கான வேலை இல்லை அது. வீடியோ பார்த்துவிட்டு யாரும் செய்யாதீர்கள், தயவுசெய்து.

நூல் செய்த காரியம்

இருபத்து நாலாம் நாள் ஏழாம் நம்பர் காலை ஊன்றாமல் நொண்டியது. முள் குத்தியிருக்கும் என்று பிடித்துப் பார்த்தால், நான் கட்டிய கம்பளி நூல் தோலுக்குள் புதைந்திருந்தது. கால் தடித்துக்கொண்டே வந்திருக்கிறது, நூல் அப்படியே இருந்திருக்கிறது. மேலே மெல்லிய தோல்கூட மூடத் தொடங்கிவிட்டது. நகம் வெட்டும் கத்தரியை வெந்நீரில் போட்டெடுத்து, வீட்டில் ஒருவர் குஞ்சைத் துணியில் சுற்றிப் பிடிக்க, ஒவ்வொரு இழையாக அறுத்து எடுத்தேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து வைத்தேன். நாலு நாளில் ஊன்றியது, ஆனால் அந்தக் காலில் வரி இன்னும் இருக்கிறது. மற்றப் பதின்மூன்றையும் அன்றே பிடித்து நூலை அறுத்துவிட்டு, சுருள் பிளாஸ்டிக் வளையம் வாங்கி மாட்டினேன். வளையத்துக்கும் காலுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி தாராளமாக நுழைய வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை பெரிய வளையம் மாற்ற வேண்டும். குஞ்சுக்கு அடையாளம் வைக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

நாலாம் வாரத்திலிருந்து

அக்காவுக்கு நான் கொடுத்த வயது இதுதான். அதனால் இந்த வாரத்தைக் கொஞ்சம் நிதானமாகவே பார்த்தேன். கொண்டையின் உயரம், அதன் நிறம், கால் தடிமன், வால், தோள் எல்லாம் எழுதினேன். பதினான்கில் பதினொன்றுக்கு இது இன்னது என்று எழுத முடிந்தது. மூன்று பிடிபடவில்லை. எழுதிய பதினொன்றில் எட்டுதான் சரி.

பொதுவாகச் சேவல் குஞ்சின் கொண்டை மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்கு முதலில் திரும்பும். அடி அகலமாக இருக்கும். கால் ஒரு சுற்று தடித்திருக்கும். தோளிலும் முதுகிலும் இறகு மூடாமல் மொட்டையாக இருக்கும், வால் குட்டையாக நிற்கும். பெட்டைக்குத் தோள் சீக்கிரம் மூடிவிடும், வாலும் முன்னால் வந்துவிடும். இதெல்லாம் மெய்தான். ஆனால் ஒரே வயது, ஒரே தீனி, ஒரே கொண்டை வகை என்றால் மட்டும் மெய். மூன்று தவறும் இந்த இடத்தில்தான் நடந்தது. மூன்றாம் நம்பர் பெட்டை, ஆனால் கூட்டத்திலேயே தெம்பானது, கொண்டை எல்லாரையும் முந்திச் சிவந்தது. சேவல் என்று எழுதிவிட்டேன். ஒன்பதாம் நம்பர் சேவல், ஆனால் தீனியில் மற்றவற்றால் தள்ளப்பட்டு மெலிந்து கிடந்தது. பதினொன்றாம் நம்பர் கதை தனி.

அக்காவுக்குக் கொடுத்தபோது இரண்டு அடையின் குஞ்சுகள் என்னிடம் கலந்திருந்தன, ஒரு வாரம் வித்தியாசம். இளைய சேவல்களின் சின்னக் கொண்டையை மூத்த பெட்டைகளின் கொண்டையோடு ஒப்பிட்டுப் பொறுக்கியிருக்கிறேன். நோட்டு எழுதிய பிறகுதான் அது புரிந்தது.

ஐந்தாம் வாரம் ஒரு நல்ல அடையாளம் கிடைத்தது, அது எல்லாக் குஞ்சுக்கும் பொருந்தாது. பொரித்தபோது முதுகில் அணில்போலக் கோடு இருந்த குஞ்சுகள் என்னிடம் ஆறு. அவற்றின் நெஞ்சில் பஞ்சு உதிர்ந்து முதல் இறகு வரும்போது குனிந்து பார்க்க வேண்டும். பெட்டைக்கு நெஞ்சு இறகு வெளிறிய செங்கல் நிறத்தில் வருகிறது. சேவலுக்குக் கறுப்பாகவோ கறுப்புப் புள்ளி விழுந்தோ வருகிறது. ஆறும் சரியாக இருந்தது. தெம்பான மூன்றாம் நம்பரைப் பெட்டை என்று திருத்தியதும் இதை வைத்துத்தான். இது அந்தக் காலத்துச் சிவப்புக் காட்டுக்கோழியின் நிறம். நாட்டுக்கோழிகளின் மூதாதை பெரும்பாலும் அதுதான், அந்தக் கோட்டுக் குஞ்சு நிறத்தோடு இந்த நெஞ்சு நிறமும் சேர்ந்தே வருகிறது. (நம் மலைகளில் இருப்பது சாம்பல் காட்டுக்கோழி. கோழியின் மஞ்சள் கால் மட்டும் அதனிடமிருந்து வந்தது என்று 2008இல் மரபணு ஆய்வில் கண்டார்கள். மஞ்சள் காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவு வரும்.) முழுக் கறுப்பு, முழு வெள்ளைக் குஞ்சுக்கு இந்த அடையாளம் உதவாது.

ஏழாம் வாரம் பதின்மூன்றுக்கு எழுதினேன், பன்னிரண்டு சரி. ஒற்றைக் கொண்டை நிமிர்ந்து நிற்கும் குஞ்சாக இருந்தால் இந்த வயதில் சேவலின் கொண்டை நல்ல சிவப்பு, தாடையும் தொங்கத் தொடங்கியிருக்கும், பெட்டையின் கொண்டை இன்னும் மஞ்சள் கலந்த வெளிறல். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். தவறிப்போன ஒன்று அதே பதினொன்று. வெள்ளைக் குஞ்சு பதினான்காம் நம்பருக்கு எதுவும் எழுதத் துணியவில்லை.

பதினொன்றாம் நம்பர்

அதன் கொண்டை நிமிரவே இல்லை. மூன்று வரியாகத் தலையோடு ஒட்டிப் படுத்திருந்தது. எங்கோ பின்னால் ஒரு தலைமுறையில் பெருவிடை ரத்தம் சேர்ந்திருக்கிறது. அந்த வகைக் கொண்டை சேவலுக்கே சின்னதாகத்தான் வரும், சிவப்பதும் தாமதம். நாலாம் வாரமும் ஏழாம் வாரமும் பெட்டை, பெட்டை என்று எழுதியிருக்கிறேன். வாரந்தோறும் சந்தேகம் வந்ததும் நோட்டில் இருக்கிறது, கால் மட்டும் தடியாக இருக்கிறதே என்று.

பதினொன்றாம் வாரம் ஒரு சாயங்காலம் அதை மடியில் வைத்து, வெயில் சாய்ந்து அடிக்கும் திண்ணையில் உட்கார்ந்தேன். வாலுக்குச் சற்று முன்னால், இடுப்புப் பக்கம், இறகை விரலால் எதிர்த்து ஒதுக்கினேன். பழைய இறகு எல்லாம் நுனி மழுங்கி, புளிய இலைபோல வட்டமாக இருந்தது. அடியில், காகிதம்போல உறை இன்னும் உரியாத குருத்துகள். அவற்றில் ஒன்று பாதி உரிந்திருந்தது. நகத்தால் மெல்ல உறையைத் தேய்த்தேன், தூளாக உதிர்ந்தது. உள்ளே இருந்து வந்த இறகு ஒடுங்கி, நீண்டு, நுனி நெல்மூக்குபோலக் கூராக இருந்தது. வெயிலில் பச்சை கலந்த மினுமினுப்பு. பக்கத்திலேயே இன்னும் மூன்று. பெட்டைக்கு இந்த வயதில் அந்த இடத்தில் கூர் இறகு வராது. ஏழு வாரம் பெட்டை என்று எழுதிய குஞ்சு என் மடியில் சேவலாக உட்கார்ந்திருந்தது.

அன்றே மற்றவற்றையும் பிடித்து இடுப்பையும் கழுத்தையும் ஒதுக்கிப் பார்த்தேன். வெள்ளைப் பதினான்கு பெட்டை, எல்லா இறகும் வட்ட நுனி. எட்டுச் சேவல், ஆறு பெட்டை. பதினாறாம் வாரத்துக்குள் எட்டும் கூவிவிட்டன, ஒன்றும் மாறவில்லை. இப்போது என்னிடம் யாராவது பெட்டை என்று கேட்டு வாங்கினால் பத்து வாரம் தாண்டி இடுப்பு இறகு பார்க்காமல் கொடுப்பதில்லை. அதற்கு முன் வேண்டுமென்றால் ஏழு வாரக் குஞ்சு, ஒற்றைக் கொண்டை உள்ளது மட்டும், தவறினால் மாற்றித் தருவதாகச் சொல்லித்தான் தருகிறேன்.

மறுபடி இறக்கைக்கு

இறக்கைச் சோதனை ஏன் பலிக்கவில்லை என்று நோட்டை வைத்துக்கொண்டே யோசித்தேன். மெதுவாக முளைக்கும் குணம் இசட் குரோமோசோமில் இருக்கிறது. அது ஓங்கு குணம், ஒரு இசட்டில் இருந்தாலே போதும், குஞ்சு மெதுவாகத்தான் முளைக்கும். தாய்க்கோழி தன் ஒரே இசட்டை மகனுக்குத்தான் கொடுக்கும், மகளுக்கு டபிள்யூ. மகளின் இசட் தகப்பனுடையது. ஆக மெதுவான பெட்டையோடு வேகமான சேவலைச் சேர்த்தால், மகன்களெல்லாம் தாயிடமிருந்து மெதுவை வாங்குவார்கள், மகள்களெல்லாம் தகப்பனிடமிருந்து வேகத்தை வாங்குவார்கள். பண்ணைகளில் தாய் வரிசையையும் தகப்பன் வரிசையையும் இப்படியே பிரித்து வைத்திருக்கிறார்கள். இறக்கை தானாகப் பாலைச் சொல்வதில்லை, பெற்றோரை அப்படிச் சேர்த்திருந்தால் மட்டும் சொல்லும். இந்த நிபந்தனையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. “இறக்கை நீளமாக இருந்தால் பெட்டை” என்று மொட்டையாகச் சொல்லிவிடுகிறார்கள்.

என் கணக்கில் இரண்டு பெட்டைகள் மெது. அவற்றின் இசட் என் சேவலிடமிருந்து வந்தது, ஆகச் சேவலிடம் மெது இருக்கிறது. நாலு பெட்டைகள் வேகம், ஆகச் சேவலிடம் வேகமும் இருக்கிறது. ஒவ்வொரு இசட்டில் ஒவ்வொன்று. இப்படிப்பட்ட சேவலை வைத்துக்கொண்டு இறக்கை பார்ப்பதே வீண். அடைப்பில் ஒரே சேவல் வைத்திருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது.

வேகமாக முளைத்த ஐந்து சேவலிலும் இரண்டு இசட்டும் வேகம்தான், அதில் சந்தேகமில்லை. அவற்றில் உடம்பு வாட்டமும் சாந்த குணமும் பார்த்து எட்டாம் நம்பரை நிறுத்திக்கொண்டேன். மெதுவான பெட்டை இரண்டு என்னிடமே இருக்கின்றன, ஆனால் ஒரே தகப்பன் பிள்ளைகள், சேர்க்க மனமில்லை. அதனால் கொட்டாம்பட்டியில் சிறுவிடை வைத்திருக்கும் பெரியப்பா வீட்டுக்கு அவர் கோழி பொரித்த அன்றே போய் இறக்கை பார்த்தேன். மெதுவான குஞ்சு நாலு இருந்தது. நாலையும் வாங்கி வந்து வளர்த்தேன், இரண்டு பெட்டையாகத் தேறியது.

கூட்டம் முழுவதையும் இப்படி மாற்றும் எண்ணமில்லை. மெதுவாக முளைக்கும் குஞ்சுக்கு முதுகு மூடத் தாமதமாகும், ஐப்பசி மழையில் நடுங்கும். கலந்து கிடக்கும் குணங்களும் நிறங்களும் சிறுவிடையின் சொத்து, பால் பிரிக்கும் வசதிக்காக அதைக் குறைக்கக் கூடாது. முட்டைக்கென்று கேட்பவர்களுக்காக ஒரு சேவல், இரண்டு பெட்டை, தனி அடைப்பு, அவ்வளவுதான். பெரியப்பா வீட்டுப் பெட்டைகள் இரண்டுக்கும் இப்போது கொண்டை சிவந்துவிட்டது. ஒன்று நேற்று மூலைக் கூடையில் ஏறி உட்கார்ந்து வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்தது. முதல் அடையில் பொரிக்கும் பெட்டைகளில் ஆறு அக்காவுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.